நாடில்லா லீக், லீக் இல்லா நாடு: இரண்டு இளம் ஹாக்கி வீரர்களின் தொடக்க ஆண்டுகள்

1. கேள்வி

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாக வடலூர் போகும் சாலையில் நெய்வேலி ஆர்ச் கேட் வருகிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம் முந்திரித் தோப்பும் பலா மரமும் செம்மண்ணும். அந்தப் பக்கம் வட்டம் வட்டமாக எண்ணிட்டுக் கட்டிய குடியிருப்புகள், நிழல் மரச் சாலைகள், பள்ளிகள், விளையாட்டரங்கு. பழுப்பு நிலக்கரிக்காக 1956இல் தொடங்கப்பட்ட நிறுவனமும் அதன் நகரியமும் இந்த வட்டாரத்தின் வாழ்வையே மாற்றிப்போட்டவை. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1958இல், அன்றைய சோவியத் பெலாரசில் பொட்டாஷ் சுரங்கத்துக்காக சோலிகோர்ஸ்க் என்ற நகரமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக நோவபோலோட்ஸ்க் என்ற நகரமும் எழுந்தன. மூன்றும் அரசு வரைபடத்தில் முதலில் பிறந்து, பிறகு மண்ணில் எழுந்த ஊர்கள். பெலாரஸ் ஊர்கள் இரண்டிலும் தொழிலாளர் பெயரைத் தாங்கிய ஐஸ் ஹாக்கி மன்றங்கள் உண்டு: ‘ஷாக்த்யோர்’ என்றால் சுரங்கத் தொழிலாளி, ‘கீமிக்’ என்றால் வேதித் தொழிலாளி.

ஒரு சிறு ஊர்ப் பையனின் விளையாட்டு வாழ்வில் பதினாறு வயதுக்கும் இருபத்தொரு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைத் தீர்மானிப்பது எது? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. திறமையா, குடும்பமா, ஊரா, அரசா? விடை தேட இருவரை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் பெலாரசின் ஜ்லோபின் நகரிலிருந்து வந்த ஐஸ் ஹாக்கித் தடுப்பாட்டக்காரர் ஆர்த்யோம் லெவ்ஷுனோவ். மற்றவர் நமக்குப் பக்கத்து மாவட்டமான அரியலூரிலிருந்து வந்த ஹாக்கி முன்கள வீரர் கார்த்தி செல்வம். பனித்தளத்தையும் புல்தரையையும் ஒப்பிடுவது பொருந்துமா என்ற ஐயம் நியாயமானதே. ஆட்டங்களை நான் ஒப்பிடவில்லை, ஆட்டக்காரர் ஏறிவந்த படிக்கட்டுகளை ஒப்பிடுகிறேன்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

இளம் வீரர்களைப் பற்றி எழுதும்போது நம் பத்திரிகைகளுக்குக் கைவசம் ஒரே கதைதான். ஓட்டு வீடு, கூலி வேலைக்குப் போகும் பெற்றோர், கிழிந்த காலணி, பிறகு இந்திய அணியின் நீலச் சட்டை. இக்கதை பொய்யன்று. ஆனால் இதே ஓட்டு வீட்டிலிருந்து புறப்பட்டு வழியிலேயே நின்றுபோன நூறு பேரைப் பற்றி இக்கதையால் ஒன்றும் சொல்ல முடியாது. வறுமை இருவருக்கும் பொது என்றால், ஒருவர் வந்ததற்கும் மற்றவர் வராததற்கும் வறுமையைக் காரணமாகக் காட்ட இயலாது.

இரண்டாவது விளக்கம் ‘ஹாக்கி மரபு’. கோவில்பட்டிக்கு இதைச் சொல்வார்கள். பிரிட்டிஷ் காலத்தில் வந்த ஆட்டம், நூற்பாலைகளின் ஆதரவு, சுற்றுக் கிராமங்களில் ஆளுக்கொரு குழு, ஆண்டுதோறும் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி. இதில் உண்மை அதிகம். ஆனாலும் மரபு ஒன்றே போதும் என்றால் தமிழகம் இன்று ஒலிம்பிக் வீரர்களால் நிறைந்திருக்க வேண்டும். வி.ஜே. பீட்டர், வி.ஜே. பிலிப்ஸ், 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன், முகமது ரியாஸ் என்று நீண்ட வரிசை, 2004 ஏதென்சுக்குப் போன கோவையின் ஆடம் சின்கிளேருடன் அறுந்து நிற்கிறது. சென்னையில் 1901இலேயே தொடங்கிய எம்.சி.சி. கோப்பைப் போட்டி இன்றும் நடக்கிறது. மரபு இருந்துகொண்டேதான் இருந்தது, வீரர்கள்தாம் வரவில்லை.

மூன்றாவது விளக்கம் செயற்கைப் புல்தரை, அதாவது டர்ஃப். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியதும் இந்தியா சரிந்தது என்பது எல்லோரும் அறிந்த வாதம். இதன் வலுவை அறிய மண் தரையில் பழகிய ஒரு பையனை முதன்முதலாக டர்ஃபில் இறக்கிப் பார்க்க வேண்டும். மண்ணில் பந்து எங்கே துள்ளும் என்று தெரியாததால் அவன் நிமிர்ந்து, மட்டையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பக் கற்றிருப்பான். நனைத்த டர்ஃபில் பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு வரும். மட்டையைத் தரையோடு படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, உடம்பையே தாழ்த்தினால்தான் அதை நிறுத்த முடியும். பன்னிரண்டு வயதில் இது ஒரு மாதத்தில் கைவரும். பதினேழு வயதில் பழைய பழக்கத்தை உடம்பு எளிதில் விடாது. ஆகவே டர்ஃப் இருக்கிறதா என்பதோடு, எந்த வயதில் கிடைக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

3. ஜ்லோபினின் பாதை

ஜ்லோபின் பழைய ஊர். 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய எஃகு ஆலைதான் அதை இன்றைய நகரமாக்கியது. அதன் மன்றத்தின் பெயர் ‘மெட்டலூர்க்’, உலோகத் தொழிலாளி. 2005 அக்டோபரில் பிறந்த லெவ்ஷுனோவ் அந்த ஊர்ப் பிள்ளை.

சுதந்திர பெலாரசின் முந்தைய தலைமுறையோடு வைத்துப் பார்த்தால் இவர் பாதையின் வேகம் புரியும். ருஸ்லான் சாலெய் 1996இல் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல். நடத்தும் ஆண்டு வீரர் தேர்வில் ஒன்பதாவது ஆளாக எடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 21. மின்ஸ்கில் பெரியவர்களோடு ஆடி, லாஸ் வேகசில் ஒரு பருவம் கழித்த பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. 2003இல் நோவபோலோட்ஸ்கின் ஆந்த்ரேய் கோஸ்தித்சின் பத்தாவதாக எடுக்கப்பட்டபோது வயது 18. இடையில் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் காலிறுதியில் பெலாரஸ் ஸ்வீடனை 4-3 என்று வீழ்த்தியிருந்தது. விளாதிமிர் கோபாத் தொலைவிலிருந்து அடித்த வட்டு கோல்காப்பாளர் தலையில் பட்டு உள்ளே விழுந்ததை அந்நாட்டில் மறந்தவர் இருக்க முடியாது. அதன்பின் அந்நாட்டில் பனித்தளங்கள் பெருகின. அதிபரே மட்டை பிடித்து ஆடும் நாடு. ஹாக்கி அங்கே அரசின் செல்லப் பிள்ளை.

செல்லப் பிள்ளையாக இருப்பதற்கும் விலை உண்டு. உக்ரைன் போர் தொடங்கிய சில நாள்களில், 2022 பிப்ரவரி 28 அன்று, சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு ரஷ்யாவையும் பெலாரசையும் எல்லா வயதுப் பிரிவுப் போட்டிகளிலிருந்தும் விலக்கியது. லெவ்ஷுனோவுக்கு அப்போது பதினாறு. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி, இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி என்று ஒரு இளைஞனை உலகம் பார்க்கும் மேடைகள் இரண்டும் அவர் வயது வந்த நேரத்தில் மூடிக்கொண்டன.

இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு அவருக்குச் சற்று முன்னால் போன டனீலா கிளிமோவிச் சாட்சி. 2021 வசந்தத்தில் டெக்சாசில் நடந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டிக்கு முன் அவரை அறிந்தவர் சிலரே. அங்கே பெலாரஸ் சட்டையில் ஆடிய சில ஆட்டங்களில் தேர்வாளர்களின் கண்ணில் பட்டார். அவ்வாண்டு கோடையிலேயே வான்கூவர் அணி அவரை இரண்டாம் சுற்றில், 41ஆவது ஆளாக எடுத்துக்கொண்டது. நாட்டுச் சட்டை ஒரு பையனைச் சில நாள்களில் உலகுக்கு அறிமுகம் செய்த கதை இது. லெவ்ஷுனோவுக்கு அந்த வாய்ப்பே இல்லை. போதாக்குறைக்கு, கனடாவின் இளையோர் லீக்குகள் அவ்வாண்டு வெளிநாட்டு வீரர் தேர்விலிருந்து ரஷ்ய, பெலாரஸ் பையன்களை விலக்கின.

எஞ்சியிருந்தது அமெரிக்காவின் இளையோர் லீக். 2022-23 பருவத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே அணிக்காக அவர் 62 ஆட்டங்கள் ஆடி 13 கோல் அடித்தார், 29 கோலுக்கு உதவினார். அங்கே தளத்தின் அகலம் ஏறக்குறைய 26 மீட்டர்; ஐரோப்பாவில் அது 30 மீட்டர் வரை இருக்கும். நான்கு மீட்டர் குறைந்தால் தடுப்பாட்டக்காரருக்கு யோசிக்கும் நேரம் குறைகிறது, வட்டு கைக்கு வருமுன்பே அடுத்ததைத் தீர்மானித்தாக வேண்டும். அடுத்த ஆண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 38 ஆட்டங்களில் 35 புள்ளிகள். 2024 ஜூனில் சிகாகோ அணி அவரை உலகிலேயே இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பெலாரஸ் வீரர் எவரும் அதுவரை அத்தனை மேலே போனதில்லை. 2025 மார்ச்சில், பத்தொன்பது வயதில், என்.ஹெச்.எல். களத்தில் இறங்கினார். நாடு ஆடாத காலத்தில் ஒரு லீக் அவரை வளர்த்தெடுத்தது.

4. ஜகார்த்தாவில் ஒரு கோல்

இனி அரியலூர்க்காரர். 2001இல் பிறந்த கார்த்தி செல்வம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் தங்கிப் பயின்றவர். அதே விடுதியில் பயின்ற கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இவரும் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றார்கள். 2023 உலகக் கோப்பையை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியாவுக்கு அதில் இடம் உறுதியாகியிருந்தது. அதனால் மூத்தவர்களை அனுப்பாமல் பெரும்பாலும் இளைஞர்களைக் கொண்ட அணியை அனுப்பினார்கள். வாசல் திறந்ததற்கு அதுவே காரணம். திறமை மட்டும் இருந்து இந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் இருவரும் இன்னும் சில ஆண்டு காத்திருக்க நேர்ந்திருக்கலாம்.

மே 23, பாகிஸ்தானுடன் முதல் ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் பெனால்டி கார்னர் வாய்ப்பில் கார்த்தி கோல் அடித்தார். ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் பாகிஸ்தான் சமன் செய்தது. 1-1. மறுநாள் செய்திகளில் அது ‘அறிமுக ஆட்டத்தில் கோல்’ என்ற மகிழ்ச்சியோடு முடிந்தது. அந்தக் கோலின் உண்மை மதிப்பு அடுத்த நாள்களில்தான் தெரிந்தது. இந்தியா ஜப்பானிடம் 2-5 என்று தோற்றது, பிறகு இந்தோனேசியாவை 16-0 என்று அடித்து நொறுக்கியது. இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு புள்ளிகளோடு சமநிலையில் நிற்க, கோல் வித்தியாசத்தில் இந்தியாவுக்கு 13, பாகிஸ்தானுக்கு 12. ஒரே ஒரு கோல் இடைவெளியில் இந்தியா முன்னேறியது, பாகிஸ்தான் உலகக் கோப்பை வாய்ப்பையே இழந்தது. கார்த்தியின் கோல் விழாமல் முதல் ஆட்டம் 0-1 என்று முடிந்திருந்தால் பாகிஸ்தானுக்கு ஆறு புள்ளி, இந்தியாவுக்கு மூன்று. பதினாறு கோல் அடித்தும் பயன் இருந்திருக்காது. எல்லோரும் அந்தப் பதினாறைப் பேசினார்கள். என் கணக்கில் அந்த ஒன்றுதான் பெரிது. இந்தியா அத்தொடரில் வெண்கலம் வென்றது.

2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் கார்த்தி சொந்த மாநிலத்து ரசிகர்கள் முன்னால் ஆடினார். லீக் சுற்றில் மலேசியாவுக்கு எதிராகவும், அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராகவும் கோல் அடித்தார். இறுதியில் மலேசியாவை 4-3 என்று வென்று இந்தியா கோப்பையைத் தூக்கியது. இத்தனைக்குப் பிறகும் அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான அணியில் அவர் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் இல்லை.

ஏன் இல்லை? முன்களத்தில் மன்தீப், அபிஷேக், லலித், சுக்ஜீத் போன்றவர்களோடு போட்டி. யாரை விட்டு இவரைச் சேர்ப்பது என்பது தேர்வாளர்களின் கவலை. வெளியிலிருந்து அதற்குள் நோக்கம் கற்பிப்பது ஆய்வுக்கு அழகில்லை. மாநிலப் பாகுபாடு என்ற பேச்சு நம்மிடையே எளிதாகக் கிளம்பும். அதற்குச் சான்று வேண்டும், என் கையில் அது இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்கலாம்: தேசிய அணியில் இல்லாத மாதங்களில் அவர் வயதுக்காரர் ஒருவருக்கு ஆட என்ன இருந்தது?

5. ஆட்ட எண்ணிக்கை என்னும் அளவுகோல்

ஹாக்கி இந்தியா லீக் 2013இல் தொடங்கி 2017இல் நின்றுபோனது. மீண்டும் தொடங்கியது 2024 டிசம்பர் கடைசியில். அந்த ஏழு ஆண்டு இடைவெளி கார்த்தியின் பதினாறு வயதிலிருந்து இருபத்து மூன்று வரையான காலத்தோடு அப்படியே பொருந்துகிறது. கிரீன் பேயில் ஒரு பதினேழு வயதுப் பையன் ஒரே பருவத்தில் 62 ஆட்டம் ஆடிய அதே காலத்தில், இந்தியாவில் அவனுக்கு இணையான ஹாக்கிப் பையனுக்குக் கிடைத்தவை தேசியப் போட்டிகளும் அகில இந்தியக் கோப்பைகளும்தான். இவை குழுச் சுற்றும் வெளியேற்றுச் சுற்றுமாக நடப்பவை. நன்றாக ஆடும் அணிக்கே ஒரு தொடரில் ஐந்தாறு ஆட்டம். தோற்றால் மூன்றோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். பலவீனமான அணி உள்ள மாநிலத்தில் பிறந்தவனுக்கு ஆட்டம் குறைவு. ஆட்டம் குறைவதால் அணி மேலும் பலவீனம். இந்தச் சுழற்சியைப் பயிற்சியால் மட்டும் உடைக்க முடியாது.

பயிற்சி வேறு, ஆட்டம் வேறு என்பதை விளையாட்டுத் துறையில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். விடுதியில் காலையும் மாலையும் டர்ஃபில் இறங்கும் பையனுக்குக் கால் வேகமும் பந்துக் கட்டுப்பாடும் வரும். எதிரணி ஒரு கோல் முன்னிலையில் நேரத்தை இழுத்தடிக்கும்போது வட்டத்துக்குள் எங்கே நிற்பது என்பதை ஆட்டம்தான் சொல்லிக்கொடுக்கும். திங்கட்கிழமை செய்த பிழையைச் சனிக்கிழமை திருத்திப் பார்க்கும் வாய்ப்பு லீக்கில் உண்டு. கோப்பைப் போட்டியில் அந்தச் சனிக்கிழமை அடுத்த ஆண்டுதான் வரும்.

ஆக, இருவருடைய தொடக்க ஆண்டுகளும் ஒன்றுக்கொன்று தலைகீழ். பெலாரஸ் பையனுக்கு நாட்டு வாசல் மூடியிருந்தது, லீக் வாசல் திறந்திருந்தது. தமிழ்ப் பையனுக்கு நாட்டு வாசல் திறந்தது, லீக் இல்லை. கிளிமோவிச் சான்றை வைத்து நாட்டுச் சட்டைதான் முக்கியம் என்று ஒருவர் வாதிடலாம். அறிமுகத்துக்கு அது உண்மை. நிலைத்து நிற்பதற்கு? நாட்டுச் சட்டை இல்லாமலேயே லெவ்ஷுனோவ் முதல் வரிசைக்குப் போனார். நாட்டுச் சட்டையில் கோல் அடித்தும் கார்த்தி அணிக்குள்ளும் வெளியிலுமாக இருந்தார். இரண்டே பேரை வைத்துப் பொது விதி வகுப்பது துணிச்சல்தான். பணத்திலும் வாய்ப்பிலும் இரு ஆட்டங்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இருந்தாலும் இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும் என்ற நிலை வந்தால், பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு பையனுக்குத் தொடர்ச்சியான ஆட்டங்களைக் கொடுங்கள் என்பதே என் முடிவு.

லீக் திரும்பிய பின் கார்த்தி தமிழ்நாடு டிராகன்ஸ் அணிக்காக ஆடினார். முதல் பருவத்தில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் பத்து ஆட்டம். 62க்குப் பக்கத்தில் வைக்க முடியாத எண்தான். பூச்சியத்துக்கு எவ்வளவோ மேல். 2025 ராஜ்கிர் ஆசியக் கோப்பைக்கு அவர் பெயர் மாற்று வீரர்களில் இருந்தது.

6. தொழில் நகரம் என்பதே போதுமா?

ஜ்லோபின், நோவபோலோட்ஸ்க், ஆலைகளால் வளர்ந்த கோவில்பட்டி என்று அடுக்கினால் தொழில் நகரம்தான் வீரர்களை உருவாக்குகிறது என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். சாலெய் தலைநகர் மின்ஸ்கில் பிறந்தவர். கார்த்தியின் அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் அவர் வளர்ந்தது ஆலை மன்றத்தில் இல்லை, அரசு விடுதியில். பெலாரஸ் தொழில் நகரங்களில் வேலை செய்தது புகைபோக்கி இல்லை. ஊரில் ஒரு பனித்தளம், அதோடு இணைந்த சிறுவர் பள்ளி, அதே பள்ளியின் மாடிப்படி போல மேலே ஒரு தொழில்முறை மன்றம். ஆறு வயதுப் பையன் சறுக்கப் பழகும் அதே கட்டடத்தில் அவன் ஊரின் பெரிய அணி ஆடுகிறது.

நம் பொதுத்துறை நகரியங்களில் விளையாட்டு வேறு விதமாக அமைந்தது. அரங்கு கட்டினார்கள், ஊழியர் அணிகளை அமைத்தார்கள். சென்னையில் வங்கிகள், ரயில்வே, ஐ.சி.எஃப். ஆகியவை ஹாக்கி வீரர்களுக்கு வேலை தந்து அணி நடத்தியதும் இதே முறைதான். வளர்ந்து வந்த வீரருக்கு அது சோறு போட்டது. அந்த நன்மையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வேலை கொடுக்கும் அணி வளர்ந்து முடிந்த வீரரைத்தான் தேடும், பத்து வயதுப் பையனைத் தேடாது. கேட்டுக்கு வெளியே இருக்கும் கிராமத்துப் பையனுக்கோ, நகரியத்து மைதானம் பேருந்து சன்னலிலிருந்து பார்க்கும் பொருள்.

7. காடாம்புலியூரிலிருந்து பார்த்தால்

காடாம்புலியூரிலிருந்து கோவில்பட்டி ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அத்தனை தூரம் அனுப்பச் சம்மதிக்கும் தாய் தந்தையர் சிலரே. பதினாறு வயதில் கடல் கடந்து போன பையனோடு ஒப்பிட்டால் இது தூரமா என்று கேட்கலாம். ஆனால் அவன் சொந்த ஊரிலேயே கற்கத் தொடங்கியவன். நம் பிள்ளை கற்கத் தொடங்கவே ஊரை விட வேண்டியிருக்கிறது. இரண்டு பாதைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

நெய்வேலியில் நிலம் உண்டு, அரங்கு உண்டு, சமூகப் பொறுப்புக்கென்று நிறுவனம் ஒதுக்கும் நிதி உண்டு. டர்ஃபை ஆட்டத்துக்கு முன் நனைக்க நிறையத் தண்ணீர் வேண்டும் என்பார்கள். சுரங்கத்தைக் காக்க இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றும் ஊரில் அந்தச் சாக்கு மட்டும் செல்லாது. தரை போட்டுவிட்டுத் திறப்பு விழாவோடு நிறுத்தினால் பயனில்லை. கேட்டுக்கு இரு பக்கத்துப் பள்ளிகளும் சேர்ந்து ஜூன் முதல் பிப்ரவரி வரை வாரம் ஓர் ஆட்டம் ஆடும் ஒரு வட்டார லீக் வேண்டும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பள்ளிகளைச் சேர்த்தாலே எட்டு அணி தேறும். செலவு பெரும்பாலும் வேன் வாடகையும் நடுவர் படியும்தான்.

அதுவரை பெற்றோரும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களும் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். மாநில அரசின் விளையாட்டு விடுதிகளுக்கான சேர்க்கை 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேரப்போகும் மாணவர்களுக்கே. தேர்வு ஆண்டுதோறும் கோடை விடுமுறையை ஒட்டி நடக்கிறது. பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு 11ஆம் வகுப்பு என்ற ஒரே ஒரு வாய்ப்புதான் மிஞ்சும். ஆறாம் வகுப்பு படிக்கும்போதே பிள்ளையை அழைத்துக்கொண்டு மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒருமுறை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.